வெண்பன்றிப் பண்ணை: டாக்டரை எப்போது அழைப்பது?

பொழுது விடிந்து கொட்டகைக்குப் போனால் இரண்டு பன்றிகள் இறந்து கிடக்கும். மூன்றாவது பன்றி எழ முடியாமல் மூலையில் படுத்திருக்கும். பல பண்ணைகளில் அப்போதுதான் கால்நடை டாக்டரின் நினைவு வருகிறது. அவர் வந்து பார்த்து, என்ன நோய் என்று சொல்வார். மற்றவற்றைக் காப்பாற்ற அவரால் முடிந்ததைச் செய்வார். ஆனால் அந்த நேரத்தில் அவரால் செய்யக் கூடியது மிகக் குறைவு.

பன்றிப் பண்ணையில் டாக்டரின் வேலை நோயுற்ற ஒரு பன்றிக்கு ஊசி போடுவது மட்டும் அல்ல. மொத்தப் பண்ணையையும் நோயின்றி, நஷ்டமின்றி நடத்த வழி சொல்வதே அவருடைய முக்கிய வேலை. இதைப் புரிந்துகொண்ட விவசாயிகளே இத்தொழிலில் நிலைத்து நிற்கிறார்கள்.

பன்றி வேகமாகப் பலன் தரும் கால்நடை. சினைக்காலம் 114 நாட்கள்தான்; அதாவது 3 மாதம், 3 வாரம், 3 நாள். ஓர் ஈற்றில் 8 முதல் 10 குட்டிகள் வரை கிடைக்கும். நன்றாகக் கவனித்தால் ஆண்டுக்கு இரண்டு ஈற்று எடுக்கலாம். லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர் போன்ற வெண்பன்றிகள் 7, 8 மாதத்தில் 80 கிலோவுக்கு மேல் எடை வரும். ஆனால் கூட்டமாக அடைத்து வளர்ப்பதால் நோயும் வேகமாகப் பரவும். ஆறு மாதத்தில் சேர்ந்த முதல் ஆறே நாளில் போய்விடலாம். ஆகவே டாக்டரை எந்தெந்தக் கட்டத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கொட்டகை போடுவதற்கு முன்

முதல் ஆலோசனை அஸ்திவாரம் தோண்டும் முன்பே நடக்க வேண்டும். மேடான இடம், நீர் வசதி, கழிவு நீர் வெளியேற வழி, அக்கம்பக்கத்துப் பன்றிகள் வந்து போகாத தூரம் ஆகியவற்றை டாக்டர் பார்த்துச் சொல்வார். கொட்டகை கட்டிய பிறகு வாய்க்காலின் சரிவை மாற்றுவது செலவு பிடித்த வேலை.

தரை சிமென்டாக இருக்கலாம். ஆனால் வழுக்கக் கூடாது. குட்டி ஈனும் அறைக்குக் கூரையடியில் 75 முதல் 95 சதுர அடி வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரும்புக் குழாய் பதிக்க வேண்டும். தாய் படுக்கும்போது நசுங்காமல் குட்டிகள் அந்தக் குழாயின் அடியில் ஒதுங்கிக்கொள்ளும். நசுங்கிச் சாகும் குட்டிகளைக் காக்கச் சிறு பண்ணையால் செய்யக் கூடிய மலிவான ஏற்பாடு இது.

பன்றிக்கு உடல் வியர்த்துச் சூடு தணியாது. வெயில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தீனி குறையும். கடும் வெப்பத்தில் அடிபட்ட ஆண்பன்றியின் விந்துவின் தரம் அடுத்த பல வாரங்களுக்குக் குறைந்திருக்கும். சித்திரையில் வாடிய ஆண்பன்றியால் வைகாசியில் சினை பிடிக்காமல் போவதன் காரணம் பலருக்குத் தெரிவதில்லை. உயரமான கூரை, மர நிழல், நண்பகலில் நீர் தெளித்தல் ஆகியவை நம் ஊருக்குக் கட்டாயம் தேவை.

குட்டி வாங்கும்போது

மலிவாகக் கிடைக்கிறது என்று சந்தையில் பல இடத்துக் குட்டிகளைக் கலந்து வாங்குவது நோயை விலை கொடுத்து வாங்குவதாகும். ஈற்றுக் கணக்கும் தடுப்பூசிக் கணக்கும் உள்ள பண்ணையிலிருந்து வாங்க வேண்டும். காட்டுப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் பன்றி இனப்பெருக்கப் பிரிவு பல்லாண்டாக நடந்து வருகிறது. புதிதாகத் தொடங்குவோர் இத்தகைய இடங்களில் பயிற்சி பெற்ற பிறகு இறங்குவது நல்லது.

வாங்கி வந்த பன்றிகளை உடனே மந்தையில் சேர்க்கக் கூடாது. 30 நாட்கள் தனியே, முடிந்தால் தனி ஆள் கவனிப்பில் வைக்க வேண்டும். இந்த நாட்களில் டாக்டர் சாணத்தைச் சோதித்துக் குடற்புழு நீக்க மருந்து தருவார், தடுப்பூசியும் போடுவார். 10 பெண்பன்றிக்கு ஓர் ஆண்பன்றி போதும். அந்த ஆண்பன்றி வேறு பண்ணையில் பிறந்ததாக இருக்க வேண்டும். அண்ணன் தங்கை சேர்ந்தால் குட்டி எண்ணிக்கையும் வீரியமும் குறையும்.

தீவனத்தில் கவனம்

பண்ணைச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது. அதனால் சிறு பண்ணைகள் ஓட்டல், விடுதி, கல்யாண மண்டபக் கழிவை நம்புகின்றன. இதில் தவறில்லை. ஆனால் மூன்று ஆபத்துகளை மறக்கக் கூடாது.

முதலாவது, நோய்க் கிருமி. கழிவில் பன்றி இறைச்சித் துண்டு இருந்தால் அதன் வழியே கொடிய காய்ச்சல் பண்ணைக்குள் வந்துவிடும். எந்தக் கழிவானாலும் கொதிக்க வைத்து, அடிவரை கிளறிக்கொண்டே ஒரு மணி நேரம் வேகவிட்டு, ஆறவைத்துப் போட வேண்டும். இறைச்சிக் கழிவை அறவே தவிர்ப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது, உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் கழிவு மிகுந்த தீனியைத் தின்ற பன்றிக்குத் தண்ணீர் போதாவிட்டால் உப்பு நஞ்சாகிவிடும். பன்றி கண் தெரியாதது போல் சுவரில் முட்டும், நாய் போல் உட்கார்ந்து பின்னால் சாயும், வலிப்பு வரும். இதைக் கண்டவுடன் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தால் நிலைமை மோசமாகும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி நீர் காட்டி, டாக்டரை உடனே வரவழைக்க வேண்டும். எப்போதும் சுத்தமான நீர் கிடைக்கச் செய்வதே இதற்குத் தடுப்பு. பால் கொடுக்கும் தாய்ப்பன்றிக்கு மட்டும் நாளொன்றுக்கு 20 லிட்டருக்கு மேல் தேவைப்படும்.

மூன்றாவது, பூஞ்சை. நனைந்த கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை நஞ்சு உண்டாகும். கடலைப் புண்ணாக்கின் நஞ்சு இளங்குட்டிகளின் ஈரலைக் கெடுக்கும். மக்காச்சோளப் பூஞ்சை ஒன்றினால் பெண்குட்டிகளின் பிறப்புறுப்பு வீங்கும். பருவத்துக்கு வந்துவிட்டது என்று அதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

கழிவுத் தீனியில் மாவுச்சத்து மிகுந்தும் புரதம் குறைந்தும் இருக்கும். சேலம், நாமக்கல் பகுதிகளில் கிடைக்கும் மரவள்ளித் திப்பியும் அப்படித்தான். இவற்றை மட்டும் தின்னும் பன்றிக்கு வயிறு நிறையும், வளர்ச்சி இராது. புண்ணாக்கு, தாது உப்பு ஆகியவற்றை எந்த அளவில் சேர்ப்பது என்பதைக் கையில் உள்ள தீனியைக் காட்டி டாக்டரிடம் கேட்டறிய வேண்டும்.

பருவமும் சினையும்

பெண்பன்றி 8 மாத வயதில், 90 கிலோ எடைக்கு மேல் வந்ததும் முதல் முறை சேர்க்கலாம். பருவம் 21 நாளுக்கு ஒரு முறை வந்து, 2 முதல் 3 நாள் நீடிக்கும். இடுப்பில் இரு கைகளாலும் அழுத்தினால் அசையாமல் நிற்பதே சரியான அடையாளம். அப்படி நின்ற பிறகு 12 மணி நேரம் கழித்து ஒரு முறையும், மேலும் 12 மணி நேரம் கழித்து மறு முறையும் சேர்க்க வேண்டும்.

பருவத்தைத் தவறவிட்டால் என்ன நஷ்டம்? சும்மா நிற்கும் பெண்பன்றி நாளுக்கு இரண்டரைக் கிலோ தீவனம் தின்றால், 21 நாளில் 52 கிலோவுக்கு மேல் போய்விடும். 10 பன்றியில் நான்கு இப்படித் தவறினால் 200 கிலோ தீவனம் வீண். எவரும் இதை நோய் என்று நினைப்பதில்லை. ஆகவே டாக்டரிடம் சொல்வதும் இல்லை. சேர்த்த 18ஆம் நாள் முதல் 24ஆம் நாள் வரை மறுபடி பருவம் வருகிறதா என்று பார்த்து, இரண்டு முறை திரும்பிய பன்றியை டாக்டரிடம் காட்ட வேண்டும். குறை பெண்பன்றியிடமா, ஆண்பன்றியிடமா, தீனியிலா என்று அவர் கண்டுபிடிப்பார்.

ஈற்றும் முதல் வாரமும்

ஈற்றுக்கு ஒரு வாரம் முன்பு தாயைக் கழுவி, கிருமிநாசினி தெளித்துக் காய்ந்த அறைக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன்பே குடற்புழு நீக்கம் முடிந்திருக்க வேண்டும். ஈற்று 2 முதல் 4 மணி நேரத்தில் முடிந்துவிடும். தாய் முக்கியும் ஒரு மணி நேரமாக அடுத்த குட்டி வராவிட்டால் டாக்டரை அழைக்க வேண்டும். பழகாத கையை உள்ளே விட்டால் கருப்பை கெடும்.

பிறந்த குட்டி ஒன்றரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். அதற்கு உடனே இரண்டு தேவை: சூடும் சீம்பாலும். முதல் சில நாட்களுக்குக் குட்டி படுக்கும் மூலையில் 32 டிகிரி அளவுக்குச் சூடு இருக்கும்படி ஒரு பல்பு தொங்கவிட வேண்டும். நோய் எதிர்ப்பு ஆற்றல் முழுவதும் குட்டிக்குச் சீம்பால் மூலமே கிடைக்கிறது. ஆகவே நோஞ்சான் குட்டியைப் பிடித்துக் காம்பில் சேர்க்க வேண்டும்.

தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மண்ணைக் கிளறித் திரியும் குட்டி அதை மண்ணிலிருந்து பெறும். சிமென்டுத் தரையில் வளரும் குட்டிக்கு அந்த வழி இல்லை. ஆகவே இரண்டாம், மூன்றாம் வாரத்தில் குட்டிகள் வெளுத்து, மூச்சு வாங்கி, கழிந்து சாகும். 3ஆம் அல்லது 4ஆம் நாள் போடும் இரும்புச்சத்து ஊசி இதைத் தடுத்துவிடும். அளவையும் போடும் இடத்தையும் டாக்டரிடம் ஒரு முறை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஈன்ற மூன்று நாட்களுக்குள் தாய் தீனி எடுக்காமல், மடி கல் போலாகி, குட்டிகள் ஓயாமல் கத்தினால் அது பால் வற்றும் காய்ச்சல். அன்றே வைத்தியம் நடந்தால் தாயும் பிழைக்கும், குட்டியும் பிழைக்கும். மறுநாள் பார்க்கலாம் என்றால் குட்டிகள் மிஞ்சா. பால் கொடுக்கும் நாட்களில் தாய்க்கு 2 கிலோவும், குட்டி ஒன்றுக்குக் கால் கிலோ வீதமும் தீவனம் தர வேண்டும்.

இரண்டு காய்ச்சல்கள், ஒரே தோற்றம்

பன்றிக் காய்ச்சல் என்று நெடுங்காலமாக அறியப்பட்ட நோய்க்குத் தடுப்பூசி உண்டு. முன்பு இந்தத் தடுப்பூசியை முயல்களைக் கொண்டு தயாரித்தார்கள். தேவைக்குக் கிடைப்பது அரிதாக இருந்தது. 2020ல் இஸத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம், உயிரணு வளர்ப்பு முறையில் பெருமளவில் தயாரிக்கக் கூடிய தடுப்பூசியை வெளியிட்டது. குட்டிக்கு 2, 3 மாத வயதில் போட்டு, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பு ஆற்றல் உடம்பில் இருக்கும்போது மிக இளம் வயதில் போட்டால் தடுப்பூசி பிடிக்காது. பனிப்பெட்டியில் வைக்காமல் வெயிலில் கொண்டுவந்த மருந்தும் பயன்படாது.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முற்றிலும் வேறு வைரஸால் வருவது. 1921ல் கென்யாவிலிருந்து முதன்முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய், இந்தியாவில் 2020ல் அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் தலைகாட்டியது. 2021ல் மிசோரமில் பல்லாயிரம் பன்றிகள் மடிந்தன. 2022 ஜூலையில் கேரளத்தின் வயநாடு மாவட்டப் பண்ணைகளுக்கு வந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலைப் பகுதியில் இறந்த காட்டுப்பன்றிகளிலும் கண்டறியப்பட்டது.

இரண்டு நோயிலும் கடும் காய்ச்சல் வரும், தீனி நிற்கும், காதும் வயிறும் நீலச் சிவப்பாகும், பின்கால் தள்ளாடும், சாவு வரும். கண்ணால் பார்த்து இன்னதென்று டாக்டரே உறுதி சொல்ல முடியாது. மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இத்தகைய மாதிரிகளைச் சோதிக்கப் போபாலில் உயர் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது.

"தடுப்பூசி போட்டும் செத்துவிட்டதே" என்று மனம் வெறுத்துப் பேசும் விவசாயிகள் உண்டு. பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி ஆப்பிரிக்கக் காய்ச்சலைத் தடுக்காது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அதற்கு மருந்தும் கிடையாது. ஒரே காப்பு, நோயைப் பண்ணைக்குள் விடாமல் இருப்பதுதான்.

இந்த இடத்தில் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. ஒன்றிரண்டு செத்ததும், மீதியைப் பாதி விலைக்கு வியாபாரிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த வண்டி போகும் ஊரெல்லாம் நோயும் போகிறது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி இந்த இரண்டு நோய்களையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். ஆப்பிரிக்கக் காய்ச்சல் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பன்றிகள் அழிக்கப்பட்டு, 10 கிலோமீட்டர் வரை கண்காணிக்கப்படும். அரசு ஆணைப்படி அழிக்கப்படும் பன்றிகளுக்கு எடையை ஒட்டி நஷ்டஈடு தர ஏற்பாடு உண்டு. நோயில் எல்லாம் செத்து முடிந்த பிறகு சொன்னால் அழிப்பதற்கும் இல்லை, ஈடு கேட்பதற்கும் இல்லை. முதல் சாவிலேயே சொல்பவருக்குத்தான் ஏதேனும் மிஞ்சும்.

செத்த பன்றியை அறுத்துப் பார்க்கவோ ஆற்றில் எறியவோ கூடாது. டாக்டர் வரும் வரை மூடி வைத்து, பிறகு ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

பண்ணை வாசல்

பண்ணைக்கு ஒரே வாசல் வேண்டும். அங்கே கிருமிநாசினித் தொட்டியும், பண்ணைக்குள் மட்டும் அணியும் செருப்பும் இருக்க வேண்டும். வியாபாரியின் வண்டி வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். பன்றியை அங்கே கொண்டுபோய் ஏற்ற வேண்டும். காட்டுப்பன்றி நடமாடும் ஊர்களில் சுற்றி வேலி அவசியம்.

இந்தக் கட்டுப்பாடு டாக்டருக்கும் பொருந்தும். ஊர் ஊராகச் சென்று வரும் அவருடைய காலணியிலும் ஊசியிலும் கிருமி வரலாம். தன் செருப்பை மாற்றிக்கொண்டு, பன்றிக்கு ஓர் ஊசி என்று பயன்படுத்துபவரே நல்ல டாக்டர். இதை விவசாயி கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பண்ணை நல்ல கையில் இருக்கிறது என்று மகிழவே செய்வார்.

மருந்துக் கடை வைத்தியம்

கழிச்சல் கண்டால் கடையில் கேட்டு வாங்கி ஊசி போடுவது பரவலாகிவிட்டது. அளவு குறைந்தால் கிருமி பழகிவிடும். அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக உள்ள கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பது 2019 ஜூலையில் தடை செய்யப்பட்டது. எந்த மருந்தானாலும், கடைசி ஊசிக்குப் பின் எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

வளர்ப்பவர் குடும்பத்தின் நலம்

ஆப்பிரிக்கக் காய்ச்சல் மனிதருக்கு வராது. ஆனால் வேறு சில நோய்கள் வரும். மூளைக்காய்ச்சல் எனப்படும் ஜப்பானிய மூளையழற்சி, நெல் வயல் நீரில் பெருகும் கொசுக்களால் பரவுகிறது. பன்றியின் உடம்பில் அதன் கிருமி பெருகுகிறது. இந்தியாவில் இந்நோய் முதலில் அறியப்பட்டது 1955ல் வேலூரில்தான். கொட்டகை வீட்டை ஒட்டி இருக்கக் கூடாது; அருகில் நீர் தேங்கக் கூடாது. எலிச் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சலும் உண்டு. தீவன அறையில் எலி புகாமல் காக்க வேண்டும்.

மனித மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி உண்டாகும். அந்த இறைச்சியை நன்றாக வேகவைக்காமல் தின்றவர் குடலில் புழு வளரும். அதன் முட்டை உணவில் கலந்தால் மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வரும். கொட்டிலில் அடைத்து வளர்ப்பதற்கும், டாக்டர் சோதித்த இறைச்சியை விற்பதற்கும் இதுவே முதல் காரணம்.

ஒரு நோட்டு, ஒரு கணக்கு

டாக்டருக்குப் பண்ணையில் வேண்டிய முதல் கருவி ஒரு நோட்டுப் புத்தகம். சேர்த்த நாள், ஈன்ற நாள், பிறந்த குட்டி, செத்த குட்டி, பால் மறந்த குட்டி, தடுப்பூசி, மருந்து, தீவன மூட்டை ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். பன்றி பேசாது; நோட்டுதான் பேசும். எந்த மாதம் குட்டி சாகிறது, எந்தத் தாய் சரியில்லை என்பதை அதை வைத்தே அவர் சொல்ல முடியும். கடனுக்கும் காப்பீட்டுக்கும் இதே கணக்கு உதவும்.

10 தாய்ப்பன்றி உள்ள ஒரு பண்ணையை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 20 ஈற்று. ஈற்றுக்கு 6 குட்டி பிழைத்தால் 120 குட்டி. 8 பிழைத்தால் 160. இடையில் உள்ள 40 குட்டிகள், காப்புக் குழாய், பல்பு, இரும்பு ஊசி, வேளையில் வந்த டாக்டர் ஆகியவற்றால் கிடைப்பவை. அவற்றில் நாலைந்து குட்டியின் விலையே டாக்டருக்கும் தடுப்புக்கும் ஆகும் செலவை ஈடுகட்டிவிடும்.

கால்நடை மருந்தகத்தில் மாடுகளே மிகுதி. பன்றிக்கு நேரம் ஒதுக்குவது கடினம் என்பதும் உண்மை. அதனால் ஒரே வட்டாரத்துப் பன்றி வளர்ப்போர் நான்கைந்து பேர் சேர்ந்து, மாதத்தில் ஒரு நாளைக் கால்நடை உதவி மருத்துவரிடம் பேசி வாங்கிக்கொள்ளலாம். அன்று நோட்டைக் காட்டி, குட்டிகளைக் காட்டி, அடுத்த மாத வேலையைக் கேட்டுக்கொண்டால் போதும். அவசரத்துக்கு 1962 என்ற கட்டணமில்லாத எண்ணும் இருக்கிறது.

செத்த பன்றியைக் காட்ட அழைப்பதை விட, நின்று தின்னும் பன்றிகளைக் காட்ட அழைப்பதே விவசாயிக்கு லாபம்.